சிரப் பாட்டில பாத்தாலே ஓடுற பிள்ளைக்கு மருந்து குடுக்கிறது எப்படி

எங்க வீட்டு வாண்டுக்கு மூணு வயசு, பாட்டில குலுக்குற சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில போயிடுவான். முதல் தடவை காய்ச்சல் வந்தப்போ நானும் மாமியாரும் கைகால பிடிச்சு, மூக்கைப் பொத்தி, சங்குல ஊத்துனோம், பாதி என் நைட்டியில, மீதியில அவனுக்கு புரையேறி கண்ணு மூஞ்சியெல்லாம் செவந்து போச்சு. அதோட அந்த வேலைய விட்டாச்சு. அழுதுட்டு இருக்குற பிள்ளை வாயில ஊத்துனா மருந்து மூச்சுக்குழாய்க்குள்ள போயிடலாம், படுக்கப் போட்டு ஊத்துறதும் அப்படித்தான்.

மெடிக்கல்ல ஊசி இல்லாம 5 மில்லி சிரிஞ்ச் ஒண்ணு வாங்கிக்கோங்க. நுனியில குட்டி மூடி இருந்தா முதல்ல கழட்டி குப்பையில போடுங்க, தொண்டையில போய் அடைச்சுக்கும். பிள்ளைய நேரா உக்கார வச்சு, கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவுல ஓரமா நுனிய வச்சு கொஞ்சம் கொஞ்சமா தள்ளுங்க, முழுங்குனப்புறம் அடுத்த வாய். தொண்டைய பாத்து பீச்சவே கூடாது.

சிரிஞ்ச்ல இன்னொரு லாபம், அளவு தப்பாது. வீட்டு ஸ்பூன் ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. பாரசிட்டமால்ல ரொம்பவே கவனம் வேணும், சிரப்ல 5 மில்லிக்கு 120 இல்லனா 250 மில்லிகிராம் இருக்கும், கைக்குழந்தைக்கு குடுக்குற டிராப்ஸ்லயோ 1 மில்லியிலயே 100 இருக்கும், சிரப்னு நெனச்சு டிராப்ஸ 5 மில்லி குடுத்தா 500 மில்லிகிராம் உள்ள போயிடும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் அதே வயசுதானேன்னு அந்த அளவ குடுக்காதீங்க, டாக்டர் எடைய பாத்துதான் எழுதுறாங்க.

கசப்புக்கு நான் பண்றது, முன்னாடி குச்சி ஐஸ ரெண்டு தடவை நக்க விடுவேன், நாக்கு மரத்துப்போயிடும், அப்புறம் மருந்து, உடனே தண்ணி. ஒரு டம்ளர் பால்ல கலக்குறது வேலைக்கே ஆகாது, பாதி குடிச்சிட்டு வச்சிட்டா எவ்வளவு மருந்து போச்சுன்னு யாருக்கு தெரியும்? கலக்கணும்னா டாக்டர்கிட்ட கேட்டுட்டு ஒரே ஒரு ஸ்பூன் மசிச்ச வாழைப்பழத்துல கலந்து குடுங்க. இரும்புச்சத்து சிரப்ப பாலோட குடுக்கவே வேண்டாம். ஒரு வயசுக்குள்ள தேன் தொட்டு வைக்கவே கூடாது, பாட்டிங்க என்ன சொன்னாலும் சரி.

பவுடரா வர்ற ஆன்டிபயாட்டிக்ல கொதிக்க வச்சு ஆறுன தண்ணிய பாதி ஊத்தி நல்லா குலுக்கிட்டு, அப்புறமா கோடு வரைக்கும் நிரப்புங்க. ஒரே மூச்சுல நிரப்புனா அடியில கட்டி நிக்கும். அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட்னா கலந்தப்புறம் ஃப்ரிட்ஜ்ல வச்சு, 7 நாள்ல தூக்கிப் போட்டுடணும், அடுத்த ஜுரத்துக்குனு எடுத்து வைக்காதீங்க.

சாக்லேட்னு ஏமாத்தாதீங்க, ஒருநாள் தானா பாட்டில தொறந்து குடிச்சிடுவாங்க. கசக்கும்தான்டா, எந்தப் பக்கத்து கன்னத்துல வேணும்னு கேப்பேன், இவனும் ரொம்ப யோசிச்சு ஒரு கன்னத்த காட்டுவான்.

குடிச்ச கொஞ்ச நேரத்துல வாந்தி எடுத்துட்டா உடனே இன்னொரு தடவை குடுக்காதீங்க, எத்தனை நிமிஷம் ஆச்சுன்னு பாத்து வச்சுக்கிட்டு டாக்டருக்கு போன் போட்டு கேளுங்க.