மாநில பட்ஜெட்டிலிருந்து ஒரு நல்ல கேள்வியை எடுப்பது எப்படி

எங்கள் கொள்கைக் குழு சின்னது. வரி, வேலை, கல்வி, உரிமை என்று வேலையைப் பிரித்துக்கொண்டு ஆளுக்கொரு மேசையில் உட்கார்ந்திருக்கிறோம். புதிதாகச் சேரும் பிள்ளைகள் வந்ததுமே பட்ஜெட் உரையை எடுத்துக் கோடு போட ஆரம்பிப்பார்கள். நான் முதலில் பிடுங்கி வைப்பது அதைத்தான். உரை சபைக்காக எழுதப்பட்டது. அதில் திருக்குறள் இருக்கும், அறிவிப்பு இருக்கும், தொகையும் இருக்கும். எந்தக் கணக்குத் தலைப்பிலிருந்து யாருக்குப் போகிறது என்ற விவரம்தான் இருக்காது.

அந்த விவரம் மானியக் கோரிக்கைப் புத்தகங்களில், அதாவது ஒவ்வொரு துறையும் தன் செலவுக்குச் சபையிடம் அனுமதி கேட்கும் புத்தகங்களில், இருக்கிறது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் எண் உண்டு: பள்ளிக் கல்வி 43, உயர்கல்வி 20, ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலம் 4. நிதித் துறை இணையதளத்தில் எல்லாமே கிடைக்கும். திறந்ததும் பக்கத்தின் தலைப்பைப் பாருங்கள். தொகைகள் ஆயிரம் ரூபாயில் இருக்கும். அதாவது 1 கோடி ரூபாய் அங்கே 10,000 என்று நிற்கும். இதைக் கவனிக்காமல் எழுதிய குறிப்பை எந்த அதிகாரியும் இரண்டாம் பக்கம் புரட்ட மாட்டார்.

அடுத்து, பத்திகள், அதாவது தொகைகள் நிற்கும் நெடுவரிசைகள். 2025-26 புத்தகத்தை எடுத்தால் 2023-24இன் கணக்கு, 2024-25இன் வரவு செலவுத் திட்ட மதிப்பீடு, அதே ஆண்டின் திருத்த மதிப்பீடு, 2025-26இன் மதிப்பீடு என்று நான்கு இருக்கும். செய்தித்தாளில் வருவது கடைசிப் பத்தி மட்டும். நமக்கு வேலை நடுவில் இருக்கும் இரண்டில்தான். போன பட்ஜெட்டில் ஒதுக்கியது ஒன்று, இந்த மார்ச்சுக்குள் அது சுருங்கியதோ வீங்கியதோ இன்னொன்று. நல்ல கேள்விகளில் பாதி அந்த இடைவெளியில்தான் கிடைக்கும். இன்னும் ஓராண்டு பொறுத்தால் கணக்கும் வந்துவிடும். பொறுக்க முடியாதவர்கள் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் (CAG) மாதாமாதம் வெளியிடும் தற்காலிகக் கணக்கைப் பார்க்கலாம். அதில் மொத்த வரவும் செலவும் தெரியும், திட்டவாரியாகத் தெரியாது.

சரி, தொகை கையில் கிடைத்தாயிற்று. அதை வகுத்துப் பாருங்கள். நான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கும் கணக்கு மகளிர் உரிமைத்தொகை. 2023 மார்ச்சில் அந்த ஆண்டுக்கு 7,000 கோடி ஒதுக்குவதாக அறிவித்தார்கள். திட்டம் தொடங்குவது செப்டம்பர் 15. செப்டம்பர் முதல் மார்ச் வரை ஏழு மாதம், மாதம் 1,000 ரூபாய், ஆக ஒருவருக்கு 7,000. 7,000 கோடியை 7,000ஆல் வகுத்தால் 1 கோடிப் பெண்கள். தகுதி வரையறை வெளிவருவதற்கு முன்பே, ‘எல்லாக் குடும்பத் தலைவிகளுக்குமா?’ என்ற கேள்விக்கு அந்த ஒரு வகுத்தலிலேயே பதில் இருந்தது. தொடங்கியபோது சேர்க்கப்பட்டவர்கள் சுமார் 1.06 கோடி. 2025-26க்கு ஒதுக்கியது 13,807 கோடி. ஆண்டுக்கு 12,000 என்று வகுத்தால் 1.15 கோடி. இப்படி ஒவ்வோர் ஆண்டும் வகுத்து வைத்துக்கொண்டால், ‘புதிதாக எத்தனை பேரைச் சேர்க்க இடம் வைத்திருக்கிறீர்கள்?’ என்று நேராகக் கேட்கலாம். இதற்குக் கைப்பேசி கால்குலேட்டரே போதும்.

வரிப் பக்கத்தில் வேறு மாதிரிச் சிக்கல். ஒரே வருமானம் இரண்டு தலைப்பில் பிரிந்து கிடக்கும். மது வருவாய் எவ்வளவு என்று ஆயத்தீர்வைத் தலைப்பான 0039ஐ மட்டும் பார்த்தால் 2023-24இல் சுமார் 10,774 கோடிதான். மதிப்புக் கூட்டு வரியாக வந்த 35,081 கோடி விற்பனை வரித் தலைப்பான 0040இல் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் 45,855 கோடி. மது விலக்கு பேசுகிறவர்களும் சரி, எதிர்த்துப் பேசுகிறவர்களும் சரி, தங்களுக்கு வசதியான தலைப்பை மட்டும் தூக்கிக்கொண்டு வருவார்கள். மத்திய அரசு தருவதையும் இப்படித்தான் பிரிக்க வேண்டும்: வரிப் பகிர்வு வேறு, உதவி மானியம் வேறு. 2021-26க்குப் பதினைந்தாவது நிதிக் குழு மாநிலங்களுக்கென ஒதுக்கிய 41 சதவீதத்தில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதமாக இருந்தது. செஸ், கூடுதல் வரி இரண்டும் அந்தப் பகிர்வுக்குள் வராது. ‘டெல்லி ஏமாற்றுகிறது’ என்று பொத்தாம் பொதுவாக எழுதுவதற்கு முன்னால் எந்த வரியைப் பற்றிப் பேசுகிறோம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

பள்ளிக் கல்விக்கு 2024-25இல் 44,042 கோடி, 2025-26இல் 46,767 கோடி. ஏறக்குறைய 6 சதவீத உயர்வு. இதைப் பார்த்துக் கைதட்டவும் வேண்டாம், முகம் சுளிக்கவும் வேண்டாம். இதில் பெரும்பகுதி சம்பளம். கல்விச் செலவுத் தலைப்பான 2202க்குள் போய்ச் சம்பளத் தொகைகளைத் தனியாக எடுத்துவிட்டு மிச்சம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பாருங்கள். கட்டடம் என்றால் 4202. அப்புறம் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட நிதி. 2024-25இல் மத்திய அரசு 2,152 கோடியை நிறுத்திவைத்தது ஊரறிந்த சண்டை. எங்கள் மேசையில் சண்டைக்கு இடமில்லை. அந்தப் பணம் வராததால் எந்தச் செலவு திருத்த மதிப்பீட்டில் குறைந்தது, எதை மாநிலம் தன் கையிலிருந்து போட்டது என்பது மட்டும்தான் கேள்வி.

வேலைவாய்ப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் பாதி அறிவிப்பு. 2024 ஜனவரியில் நடந்த உலக முதலீட்டாளர்கள் மாநாட்டில் 26.9 லட்சம் வேலை என்றார்கள். நேரடி வேலை 14.5 லட்சம், மறைமுக வேலை 12.4 லட்சம். மறைமுக வேலையை அளக்க யாரிடமும் அளவுகோல் இல்லை, அதை விட்டுவிடுங்கள். நேரடி வேலைக்கு மட்டும், உற்பத்தி தொடங்கிய ஆலை எது, அங்கே வருங்கால வைப்பு நிதியில் எத்தனை பேர் என்று கேளுங்கள். வேலையின்மை விகிதம் எழுதும்போது எந்த அளவுமுறை என்று பக்கத்திலேயே குறியுங்கள். வாராந்திர முறையில், கடந்த ஏழு நாளில் ஒரு மணி நேரம் வேலை பார்த்தாலே அவர் வேலையில் இருப்பவர்தான். வழக்கமான நிலை என்ற இன்னொரு முறை ஓராண்டைப் பார்க்கிறது. ஒன்றை ஒரு வருடத்துக்கும் மற்றதை அடுத்த வருடத்துக்கும் போட்டு ‘வேலையின்மை பாய்ந்தது’ என்று எழுதினால் மானம் போய்விடும்.

உரிமைகள் மேசைக்கு நான் முதலில் கொடுப்பது இரண்டு எண்கள்: 789, 796. எந்தத் துறைப் புத்தகத்திலும் சிறு தலைப்பு 789 என்றால் பட்டியல் சாதியினருக்கான பங்கு, 796 என்றால் பழங்குடியினருக்கானது. 2011 கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் பட்டியல் சாதியினர் 20 சதவீதம், பழங்குடியினர் 1.1 சதவீதம். இந்த நிதிக்கென்றே 2024இல் தனிச் சட்டமும் வந்தது. கூட்டிப் பார்த்து விகிதம் சரியாக இருக்கிறது என்று புத்தகத்தை மூடிவிடாதீர்கள். ஒவ்வொரு 789 தொகையிலும் இதைக் கேளுங்கள்: இந்தப் பணம் ஒரு காலனிக்குள் தெருவாகவோ விடுதியாகவோ உதவித்தொகையாகவோ போய் நின்றதா, அல்லது எல்லோருக்குமான செலவில் ஐந்தில் ஒரு பங்கைக் காகிதத்தில் பிரித்து எழுதினார்களா? இரண்டாவது வகைதான் நிறைய. எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் குறிப்பில் கோபத்தை எழுத வேண்டாம். தலைப்பு எண்ணையும் தொகையையும் எழுதினால் போதும்.

கிடைத்ததை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். மேலே கேள்வி, கீழே இரண்டு ஆண்டுகளின் தொகை, தலைப்பு எண், பக்க எண். அந்தத் துறையின் மானியக் கோரிக்கை சபையில் விவாதத்துக்கு வரும் நாளுக்குச் சில நாள் முன்பே உங்கள் தொகுதி உறுப்பினர் கையில் அது இருக்க வேண்டும். அன்றைக்குத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பும் வெளியாகும்; அதை உடனே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ‘ஐயா, இந்த ஒரு கேள்வி மட்டும் கேட்டால் போதும்’ என்று சொல்லிக் கொடுங்கள். பத்துக் கேள்வி கொண்டுபோனால் உதவியாளர் வாங்கிக் கோப்புக்குள் வைத்துவிடுவார்.

சபையில் பதில் வரவில்லையா, தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. மனுவில் 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். ‘ஏன் செலவழிக்கவில்லை?’ என்று கேட்காதீர்கள். காரணம் கேட்டால் ‘இது தகவல் அல்ல’ என்று திருப்பிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: ‘2024-25இல் இந்தத் தலைப்பின் கீழ் எங்கள் மாவட்டத்துக்கு விடுவித்த நிதியின் ஆணை நகல், பயன்பாட்டுச் சான்றிதழ் நகல்.’ மனு தவறான துறைக்குப் போனாலும் ஐந்து நாளுக்குள் உரிய துறைக்கு அவர்களே அனுப்ப வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. அஞ்சல் போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையை மட்டும் பத்திரமாக வையுங்கள். நாள் கணக்கு எல்லாம் அதிலிருக்கும் தேதியைப் பார்த்துத்தான்.