சோயாவுக்கு முன் மாடு மேயும் வயல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரேசிலின் தென்கோடி மாநிலமான ரியோ கிராண்டே டோ சுல்லில், கோடையில் சோயா விளையும் வயலில் குளிர்காலத்துக்குக் கறுப்பு ஓட்ஸும் ரைகிராஸ் புல்லும் விதைத்து, அக்டோபர் வரை இறைச்சிக்கான காளைக்கன்றுகளை மேயவிடும் வழக்கம் உண்டு. மாட்டை இறக்கினால் மண் இறுகி அடுத்த சோயா கெட்டுவிடும் என்று அஞ்சி, புல்லை வெறும் மூடுபயிராகவே விட்டுவிடுபவர்களும் அங்கே நிறைய. முதல் தவறு அந்த அச்சம்தான் என்பேன். சோயாவைக் கெடுப்பது மாடு அல்ல, அளவு மீறிய மேய்ச்சல்.

சாவோ மிகேல் தாஸ் மிசோயெஸ் என்ற ஊரில் 2001இல் தொடங்கிய நீண்டகால ஆய்வில், புல்லை 10, 20, 30, 40 செ.மீ. உயரங்களில் நிறுத்தி மேயவிட்டதோடு, ஒரு பகுதியில் மாட்டையே விடாமலும் ஒப்பிட்டார்கள். அளவாக மேய்ந்த நிலத்தின் சோயா, மேயாத நிலத்துக்குக் குறைந்துவிடவில்லை. 10 செ.மீ. வரை கடிக்கவிட்ட இடத்தில்தான் மூடாக்கு, அதாவது மண்ணைப் போர்த்தும் புல் அடுக்கு, மெலிந்தது. ஒவ்வொரு கன்றும் குறைவாகவே எடை ஏறியது. ஆனால் அங்கே தலை எண்ணிக்கை அதிகம் என்பதால் ஹெக்டேர் கணக்கு இலாபமாகத் தெரியும். பலர் ஏமாறுவது இந்தக் கணக்கில்தான்.

உயரத்தை அளப்பதிலும் தவறு நேர்கிறது. சாணம் விழுந்த இடத்தைச் சுற்றி மாடு வாய் வைக்காது. அங்கே புல் கரும்பச்சையாகத் தழைத்து நிற்கும். வேலியோரத்தில் நின்று பார்ப்பவருக்கு அந்தத் திட்டுகளே கண்ணில் படும், இடையிலுள்ள மொட்டைத் தரை படாது. அளவுகோலோடு வயலுக்குள் குறுக்காக நடந்து, பல இடங்களில் அளந்து சராசரி எடுத்தால்தான் உண்மை தெரியும்.

மழை பெய்து மண் குழைந்திருக்கும் நாளில் மாட்டை வெளியே ஓட்டாமல் விடுவது இன்னொரு தவறு. குளம்பால் வரும் இறுக்கம் பெரும்பாலும் மேல்மண்ணின் சில அங்குலங்களோடு நின்றுவிடும் என்றாலும், சோயா விதை விழுவதும் இளவேர் இறங்குவதும் அந்த அடுக்கில்தானே.

உரத்தை முழுக்கச் சோயாவுக்கே ஒதுக்கி, புல்லைப் பட்டினி போடுவதும் தேவையற்ற சிக்கனம். கன்றின் உடலில் தங்கி வயலைவிட்டுப் போகும் சத்து சொற்பம். மிச்சமெல்லாம் சாணமாகவும் மூத்திரமாகவும் மண்ணுக்கே திரும்புகிறது. ஆகவே மண் ஏற்கெனவே வளமாக இருந்தால், மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தையும் (பொட்டாசியம்) புல்லுக்கே இடலாம். அதன் பலன் சோயாவுக்கும் கிடைக்கும். தழைச்சத்து (நைட்ரஜன்) புல்லுக்கு மட்டும் போதும், சோயாவுக்கு அதை வேர்முடிச்சில் வாழும் நுண்ணுயிர் காற்றிலிருந்து தேடித்தரும். விதையை நுண்ணுயிர் உரத்தோடு கலந்து விதைக்க மட்டும் மறக்கக்கூடாது.

கடைசியாக, விதைப்புக்கு முந்தைய நாள் வரை மாட்டை மேயவிட்டு, அதன் பிறகு அவசரமாகக் களைக்கொல்லி அடிப்பது. இரண்டு மூன்று வாரம் முன்பே மாட்டை வெளியேற்றினால் புல் சற்றுத் துளிர்த்து மருந்தை நன்றாக இழுக்கும், சாய்ந்து காய்ந்து மூடாக்காகும். கிளைபோசேட் என்ற களைக்கொல்லி ஒன்றையே நம்பியிருப்பதும் ஆபத்து. அதற்குச் சாகாத ரைகிராஸ் அந்த மாநிலத்தில் 2003இலேயே தென்பட்டுவிட்டது.