மலை ஊர்த் தொழிலும் இலக்கு நோட்டும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் போன்ற ஊர்களில் சிறுதொழில் செய்வோர் பலர் ஜனவரியில் ஒரு டைரி வாங்கி, அந்த ஆண்டில் எட்ட வேண்டிய விற்பனைத் தொகையை முதல் பக்கத்தில் எழுதி வைக்கிறார்கள். எழுதுவதில் குறையில்லை, அடுத்த வரியில் அந்தத் தொகையைப் பன்னிரண்டால் வகுத்து ‘மாத இலக்கு’ என்று போடும்போதுதான் தவறு தொடங்குகிறது. ஹோம்மேட் சாக்லேட் கடை ஒன்று ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் விற்பனையை இலக்காக வைத்திருப்பதாகக் கொள்வோம். மாதம் ஒரு லட்சம் என்ற கணக்கு, ஏப்ரல், மே சீசனில் எந்த முயற்சியும் இல்லாமலேயே நிறைவேறிவிடும். தென்மேற்குப் பருவமழை இறங்கிய ஜூலையில் எவ்வளவு முயன்றாலும் நிறைவேறாது. முதல் நிலையில் கடைக்காரர் தேவையற்ற திருப்தி அடைகிறார், இரண்டாம் நிலையில் தேவையற்ற சோர்வு அடைகிறார். ஆகஸ்டில் அந்த டைரி பில் புத்தகங்களுக்கு அடியில் போய்விடுகிறது.

மலையில் ஒரு மாதத்தை அதற்கு முந்தைய மாதத்தோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. இந்த ஜூலையைச் சென்ற ஜூலையோடும், செப்டம்பர், அக்டோபரில் வரும் இரண்டாம் சீசனைச் சென்ற ஆண்டின் இரண்டாம் சீசனோடும்தான் ஒப்பிட வேண்டும். அந்த ஒப்பீடும் செல்லுபடியாக வேண்டுமானால், தொகைக்குப் பக்கத்தில் அந்த மாதத்தின் நிலவரத்தை ஒரு வரியிலாவது எழுதியிருக்க வேண்டும். சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறை வந்தது. 2025இல் ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாள்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்றும், கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 என்றும் வரம்பு விதிக்கப்பட்டது. இத்தகைய மாற்றம் நேர்ந்த ஆண்டில் மொத்த விற்பனை குறைந்ததை மட்டும் பார்ப்பவர் தம் உழைப்பைத் தவறாக மதிப்பிட்டுவிடுவார். கடைக்குள் வந்தவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள், ஒரு பில்லின் சராசரித் தொகை எவ்வளவு என்று பார்த்தால், வியாபாரம் தேறியிருக்கிறதா தேய்ந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

இதைவிட ஆழமான தவறு, முடிவை மட்டும் எழுதிவிட்டு அந்த முடிவுக்குக் காரணமான வேலையை எழுதாமல் விடுவது. சிறு தேயிலை விவசாயியை எடுத்துக்கொள்வோம். அவருடைய பசுந்தேயிலைக்குக் கிடைக்கும் விலை அவர் கையில் இல்லை. குன்னூர் ஏலத்தில் தேயிலைத்தூள் என்ன விலைக்குப் போகிறது என்பதைப் பொறுத்து, தேயிலை வாரியம் மாதந்தோறும் மாவட்டச் சராசரி விலையை அறிவிக்கிறது. ‘இந்த ஆண்டு இவ்வளவு வருமானம்’ என்று மட்டும் எழுதி வைத்தவர், விலை சரியும்போதெல்லாம் தாமே தோற்றுவிட்டதாக நினைப்பார்; விலை ஏறும்போது, தோட்டத்தைக் கவனிக்காமல் விட்டதும் கண்ணில் படாது. அவர் கையில் இருப்பவை வேறு: எத்தனை நாளுக்கு ஒரு சுற்று இலை பறிக்கப்படுகிறது, உரம் உரிய காலத்தில் போடப்பட்டதா, களை எடுத்தாயிற்றா, தொழிற்சாலையில் எடைக் கழிவு எவ்வளவு பிடித்தார்கள் என்பவை. நோட்டில் இடப்பக்கம் இவை இருக்கட்டும். வலப்பக்கம் விலையும் வருமானமும் இருக்கட்டும். மாத முடிவில் இடப்பக்கத்துக்கு மட்டுமே தம்மைத்தாமே கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். ஹோம்ஸ்டே நடத்துபவருக்கும் இது பொருந்தும். அறைகள் நிரம்பியது வலப்பக்கச் செய்தி. விசாரித்தவருக்கு எத்தனை மணி நேரத்தில் பதில் போனது, சென்ற ஆண்டு தங்கிச் சென்றவர்களில் எத்தனை பேரைத் திரும்ப அழைத்துப் பேசினோம் என்பவை இடப்பக்கத்துக்கு உரியவை.

இடப்பக்கத்திலும் ஒரே ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்கக் கூடாது. ஓர் அளவையே இலக்காக்கினால் அது நல்ல அளவையாக இருப்பது நின்றுவிடும் என்ற கருத்து, பிரிட்டன் பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட் 1975இல் பணக் கொள்கை பற்றிச் சொன்னதிலிருந்து வளர்ந்தது. இதைப் புரிந்துகொள்ள லண்டன் வரை போக வேண்டியதில்லை. நாளுக்கு இத்தனை கிலோ என்று மட்டும் இலக்கு வைத்துப் பாருங்கள். கொழுந்தோடு முற்றிய இலையும் தண்டும் சாக்கில் சேரும், எடை கூடும், நோட்டில் எண் அழகாக ஏறும், தூளின் தரம் இறங்கும். கிலோவோடு தரத்தையும் ஒரு வரியில் குறித்தால்தான் அந்த எண்ணுக்கு நேர்மை வரும். கவ்வாத்து செய்யும் ஆண்டில் இந்தச் சிக்கல் இன்னும் தெளிவாகத் தெரியும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியை வெட்டிவிட்டால் பல மாதங்களுக்கு இலை வராது. கிலோக் கணக்கு மட்டும் வைத்திருப்பவரின் நோட்டில் அது தோல்வி ஆண்டாகவே பதிவாகும். அந்தச் சரிவுக்கு அஞ்சிக் கவ்வாத்தைத் தள்ளிப்போடுபவர்கள் இருக்கிறார்கள். கணக்கு நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காகத் தோட்டத்தைக் கெடுப்பது என்ன கெட்டிக்காரத்தனமோ தெரியவில்லை. கடையை மூடிப் பழுது பார்க்கும் மாதமும், புது ஆளுக்கு வேலை பழக்கும் மாதமும் கவ்வாத்துக் காலம்தான். அவற்றுக்குத் தனி இலக்கு எழுத வேண்டும்.

பத்துப் பன்னிரண்டு விஷயங்களைச் செல்போன் செயலியில் நாள்தோறும் பதிவு செய்வது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூன்றுக்கு மேல் வைத்தவர் மூன்றையும் சேர்த்து விட்டுவிடுவார்.

இருபத்தொரு நாளில் எந்தப் பழக்கமும் படிந்துவிடும் என்ற நம்பிக்கை செய்யும் கெடுதல் பெரிது. லண்டனில் பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரைக் கொண்டு நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் நிலையை நெருங்கச் சுமார் 66 நாள்கள் ஆயின. ஆளைப் பொறுத்து அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. ஒரு நாள் விட்டுப்போனால் பழக்கம் குலைந்துவிடவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. கூடலூரில் அடைமழை பெய்து இரண்டு நாள் மின்சாரம் இல்லாமல் போனதற்காக, ‘தொடர்ச்சி அறுந்துவிட்டது, அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஒதுக்கிவைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். விட்டுப்போன நாளுக்கு ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த வரியில் எழுதத் தொடங்குவது போதும்.

ஊக்கம் வந்தால் எழுதலாம் என்று காத்திருப்பதும் அப்படித்தான். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் பல ஆண்டுகளாக ஆராய்ந்து காட்டியது, ‘இன்னது நடந்தவுடன் இன்னது செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிவுசெய்தவர்கள் வெறுமனே உறுதி எடுத்துக்கொண்டவர்களைவிடச் செயலில் முன்னேறுகிறார்கள் என்பதே. ‘தினமும் கணக்கு எழுதுவேன்’ என்பதை விட ‘மாலையில் இலை லாரி கிளம்பியவுடன், ரசீதைக் கையில் வைத்துக்கொண்டே எழுதுவேன்’ என்பது நிற்கும்.

இலக்கை ஊரறியச் சொல்லலாமா என்பதில் இரு வகை அறிவுரைகள் உலவுகின்றன. இரண்டுக்கும் ஆதாரம் உண்டு, குழப்பமும் அதனால்தான். அதே கோல்விட்சர் 2009இல் வெளியிட்ட சோதனைகளில், தம் நோக்கம் பிறரால் கவனிக்கப்பட்டவர்கள் பின்னர் அதற்காக உழைத்தது குறைவு. 138 ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியான மற்றோர் ஆய்வோ, முன்னேற்றத்தைக் கண்காணிப்பது இலக்கை எட்ட உதவுகிறது என்றும், அதைப் பிறர் அறியத் தெரிவித்தாலோ எழுத்தில் பதிந்தாலோ பயன் மேலும் கூடுகிறது என்றும் கண்டது. ஒன்று செய்யப்போவதைச் சொல்வது, மற்றொன்று செய்ததைச் சொல்வது. ‘அடுத்த சீசனில் இரண்டாவது கடை’ என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டு வாழ்த்து வாங்கிக்கொள்வதைக் காட்டிலும், மகளிர் சுயஉதவிக் குழுவின் கூட்டத்தில் சேமிப்பு, கடன் கணக்கு முடிந்த பின், சென்ற கூட்டத்திலிருந்து இன்றுவரை தாம் முடித்த வேலையை ஆளுக்கு இரண்டு வரி வாசிப்பது பயன் தரும். நோட்டும் கூட்டமும் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன.

மறுபார்வைக்கு நாள் குறிக்காமல் விடுவதையும் சொல்லியாக வேண்டும். மார்ச் கணக்கு முடிவு வரி கட்டுவதற்கானது. தொழிலைத் திரும்பிப் பார்க்க அது பொருத்தமான நேரமன்று, ஏனெனில் அப்போது எல்லாரும் சீசனுக்குச் சரக்குச் சேர்ப்பதில் மும்முரமாக இருப்பார்கள். சுற்றுலாவை நம்பியவர்களுக்கு மழை பிடித்துக் கூட்டம் வடிந்த ஜூன் பிற்பகுதியும், இரண்டாம் சீசன் முடிந்தபின் நவம்பரும் ஏற்றவை. பயிர் செய்பவர்களுக்கு மாதக் கணக்கே வேண்டாம், பயிர்க் கணக்குப் போதும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு ஆண்டுக்கு இரு போகம், பொதுவாக மே மாதத்தையும் நவம்பரையும் ஒட்டி, பயிரிடப்படுகிறது. அறுவடையான பூண்டைக் காயவைத்து முடித்ததும், எவ்வளவு உடனே விற்கப்பட்டது, எவ்வளவு விலைக்காக நிறுத்திவைக்கப்பட்டது, எவ்வளவு விதைக்கு ஒதுக்கப்பட்டது, நிறுத்திவைத்ததில் வந்த லாபம் வட்டிக்குக் கட்டுப்படியானதா என்ற நான்கையும் எழுதிவிட்டுத்தான் அடுத்த போகத்தின் இலக்கை எழுத வேண்டும்.