ஜானி கேஷ் வளர்ந்த வீட்டை நின்று பார்ப்பது எப்படி

புகழ்பெற்ற அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷ் வளர்ந்த வீட்டைக் காண, அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்திலுள்ள டையஸ் என்னும் சிற்றூருக்குச் செல்பவர்கள், நேராக வீட்டுக்குப் போய்விடாமல், ஊர் நடுவிலுள்ள பழைய நிர்வாகக் கட்டடத்தின் காட்சிக்கூடத்திலிருந்து தொடங்குவது நல்லது. பெருமந்தம் எனப்படும் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில், 1934இல், நொடித்துப்போன உழவர் குடும்பங்களைக் குடியமர்த்த அரசு இந்தக் குடியிருப்பை ஏன் உருவாக்கியது என்பது புரியாவிட்டால், வீடு வெறும் மரக்கூடாகவே தெரியும்.

கேஷ் குடும்பம் 1935இல் இங்கு வந்தபோது ஜானிக்கு மூன்று வயது. பள்ளிப் படிப்பை முடித்த 1950 வரை இதுவே அவர் ஊர். ஐந்து அறைகள் கொண்ட அந்த வீட்டில் அவசரம் வேண்டாம். ஓர் அறையில் நின்று, பெற்றோரும் பிள்ளைகளுமாக எத்தனை பேர் இதற்குள் படுத்துறங்கியிருப்பார்கள் என்று கணக்கிட்டுப் பாருங்கள். பாடகரின் புகழைவிட அந்த நெருக்கமே அதிகம் பேசும். அறைகள் பழைய தோற்றத்தைப் பெற்றதில் தம்பி டாமி, தங்கை ஜோஆன் ஆகியோரின் நினைவுகளுக்குப் பெரும் பங்குண்டு.

வெளியே வந்ததும் காலடி மண்ணைக் கவனியுங்கள். நனைந்தால் ஒட்டி, காய்ந்தால் வெடிக்கும் கரிய களிமண் அது. நம் கரிசலை அறிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. இந்த மண்ணில்தான் சிறுவன் ஜானி பருத்தி எடுத்தார். 1937 வெள்ளத்தில் குடும்பம் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. அந்த நினைவு பின்னாளில் அவருடைய பாட்டாயிற்று.

பார்வை நேரத்தை மட்டும் புறப்படும் முன் உறுதிசெய்துகொள்ளுங்கள்.