கார்க் கதவு ஸ்பீக்கரைப் பனிச்சேற்றிலிருந்தும் பூட்ஸ் காலிலிருந்தும் காப்பாற்றுவது எப்படி?

டொராண்டோவில் தெருவுக்கு உப்பு தூவ ஆரம்பித்துவிட்டால், குளிர்காலம் முடியும்வரை பூட்ஸில் ஒட்டி வருவதெல்லாம் உப்புத் தண்ணீர்தான். காரில் ஏறும்போது அந்த பூட்ஸ் போய் இடிப்பது கதவின் கீழ் மூலையில் இருக்கும் ஸ்பீக்கரில். பின்சீட்டில் பிள்ளைகள் ஏறினால் கேட்கவே வேண்டாம். எனக்கு மூன்று குளிர்காலத்தில் இரண்டு ஜோடி ஸ்பீக்கர் போனது. மூன்றாவது ஜோடியை நானே உட்கார்ந்து பாதுகாப்பாகப் பொருத்தினேன். அது இன்றும் தெளிவாகப் பாடுகிறது. அப்போது செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

வேலையை அக்டோபரிலேயே முடித்துவிடுங்கள். கடும் குளிரில் கதவின் உள்பக்க உறையின் பிளாஸ்டிக் கிளிப்புகள் பட்டென்று உடையும், ஒட்டும் டேப்பும் சரியாக ஒட்டாது.

முதலில் கதவைப் புரிந்துகொள்ளுங்கள்

கதவுக்குள் தண்ணீர் போவது பழுது இல்லை. ஜன்னல் கண்ணாடியின் ஓரத்து ரப்பர் வழியாக மழையும் உருகிய பனியும் உள்ளே இறங்கி, கதவின் அடியில் உள்ள சிறு துளைகள் வழியாக வெளியே வடியும். கதவை அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். அதாவது ஸ்பீக்கரின் முதுகு நனையும் இடத்தில் இருக்கிறது, முகம் கால் படும் இடத்தில் இருக்கிறது. இரண்டையும் தனித்தனியாகக் கவனிக்க வேண்டும்.

1. வடிகால் துளை

கதவைத் திறந்து அடி விளிம்பைத் தடவிப் பாருங்கள். மண் அடைத்திருந்தால் ஒரு கேபிள் டையை விட்டுக் குத்தி எடுங்கள். பிறகு கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். கொஞ்ச நேரத்தில் அடியில் சொட்ட வேண்டும். சொட்டவில்லை என்றால் தண்ணீர் உள்ளேயே தேங்குகிறது. இதைச் சரிசெய்யாமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

2. உறையைக் கழற்றுவது

வண்டியை அணைத்து, பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டு, கையேட்டில் சொல்லியிருக்கும் நேரம்வரை காத்திருங்கள். கைப்பிடிக்குப் பின்னால் மறைந்திருக்கும் திருகுகளை எடுத்த பிறகு, பிளாஸ்டிக் நெம்பியால் கிளிப்புகளை ஒவ்வொன்றாக விடுவியுங்கள். இழுத்துப் பிடுங்க வேண்டாம், பின்னால் வயர்கள் இருக்கும்.

உள்ளே கறுப்புப் பசையால் ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் தாள் இருக்கும். ஈரம் வண்டிக்குள் வராமல் தடுப்பது அதுதான். கிழிந்திருந்தால் பியூட்டைல் டேப்பால் (தண்ணீர் புகாத, பசை போன்ற ரப்பர் டேப்) ஒட்டுங்கள். சில கார்களில் பக்கவாட்டு ஏர்பேக்கின் அழுத்த சென்சார் (மோதலில் கதவுக்குள் ஏறும் காற்றழுத்தத்தை உணர்வது) கதவுக்குள்ளேயே இருக்கும். அதனால் புதிதாக ஓட்டை போடக்கூடாது. எதை எடுத்தாலும் இருந்தபடியே திருப்பிப் பொருத்த வேண்டும்.

3. முதுகுக்குக் கூரை

இந்தக் கட்டம்தான் முக்கியம். கடையில் ஸ்பீக்கர் பேஃபிள் என்று கேட்டால் கிண்ணம் போன்ற ஃபோம் ஒன்று தருவார்கள். நான் முதல் தடவை அதை முழுதாக மாட்டிவிட்டேன். எப்படியோ உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் கிண்ணத்தின் அடியில் தேங்கி, வசந்தத்தில் திறந்து பார்த்தபோது காந்தத்தைச் சுற்றித் துரு பிடித்திருந்தது. அது மட்டுமில்லை, பின்பக்கக் காற்று ஒரு சின்னக் கிண்ணத்துக்குள் அடைபட்டதால் பாஸ் ஒலியும் மெலிந்துபோயிருந்தது.

அதனால் கூரை போடுங்கள், பெட்டி கட்டாதீர்கள். கிண்ணத்தின் கீழ்ப்பாதியை வெட்டி எடுத்துவிட்டு, மேல்பாதியைக் குடை மாதிரி ஸ்பீக்கருக்கு மேலே நிற்க விடுங்கள். மேலிருந்து விழும் தண்ணீர் அதில் பட்டு ஒதுங்கி இறங்கிவிடும்.

4. வளையமும் வயரும்

ஸ்பீக்கரைத் தாங்கும் வளையம் எம்டிஎஃப் (மர இழையை அழுத்திச் செய்த பலகை) மரமாக இருந்தால் ஈரத்தில் ஊதிவிடும். பிளாஸ்டிக் வளையம் நல்லது. மரம்தான் கிடைத்தது என்றால் விளிம்பு, திருகு ஓட்டை உட்பட இரண்டு கோட் பாலியூரிதேன் வார்னிஷ் அடியுங்கள். திருகுகள் துருப்பிடிக்காத எஃகில் இருக்கட்டும்.

வயரை ஸ்பீக்கரின் முனையில் பொருத்திய பிறகு, மேலே டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவுங்கள். அது மின்சாரம் கடத்தாது, ஈரத்தை மட்டும் தடுக்கும். அப்புறம், வயர் முனைக்குக் கீழே கொஞ்சம் தொங்கி மேலேறி வரும்படி விடுங்கள். வயர் வழியே வரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

5. முகத்துக்குக் கவசம்

ஸ்பீக்கரின் முகத்தை மூடும் தட்டுதான் கிரில். துணி போட்ட கிரில் உப்புத் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். விறைப்பான இரும்பு வலைக் கிரில் வாங்குங்கள். கட்டைவிரலால் பலமாக அழுத்திப் பாருங்கள், வலை கோனை (ஸ்பீக்கரில் அதிர்ந்து ஒலி எழுப்பும் கூம்பு) தொடவே கூடாது. பாஸ் அடிக்கும்போது கோன் முன்னால் தள்ளும், அதற்கும் இடம் வேண்டும். போதவில்லை என்றால் கிரிலுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் ஒரு வளையம் கூடுதலாக வையுங்கள்.

மண் துகளைத் தடுக்க வலையின் உள்பக்கம் ஸ்பீக்கர் துணி ஒட்டுகிறவர்கள் உண்டு. நான் ஒட்டவில்லை. உப்பு அதில் தங்கினால் எடுப்பது கஷ்டம்.

ஓட்டுநரின் காலடிப் பக்கத்தில் ஸ்பீக்கர் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. பிரேக் மிதிக்கும் காலை உரசுகிற உயரத்துக்குக் கிரில் துருத்தினால், அந்தக் கிரிலே வேண்டாம்.

6. குளிர் வந்த பிறகு

ஓரம் உயர்ந்த ரப்பர் விரிப்பு போட்டு, தேங்கும் தண்ணீரை அவ்வப்போது கொட்டுங்கள். கிரிலில் வெள்ளையாக உப்பு படிந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். கால்சியம் குளோரைடு கலந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், அதனால் தானாகக் காய்ந்துவிடும் என்று விடக்கூடாது. வாக்குவம் குழாயைக் கோன்மேல் நேராக வைக்க வேண்டாம்.

மைனஸ் 15 டிகிரி காலையில் கோனைச் சுற்றியுள்ள ரப்பர் விறைத்திருக்கும். ஹீட்டர் வண்டியைச் சூடாக்கும்வரை, ஒரு பத்து நிமிடம், சத்தத்தைக் குறைவாகவே வையுங்கள்.

புதிதாக வாங்குகிறீர்கள் என்றால் பாலிப்ரொப்பிலீன் கோனும் ரப்பர் விளிம்பும் உள்ளதைத் தேடுங்கள். பனி முற்றிலும் போனதும் ஏப்ரலில் அந்த ஒரு டம்ளர் தண்ணீரை மறுபடி ஊற்றிப் பாருங்கள். குளிர்காலம் முழுக்க வந்த மண் பெரும்பாலும் அந்தத் துளையில்தான் சேர்ந்திருக்கும்.