இரவல் ஓவியம்: கேட்பவர்கள் சறுக்கும் இடங்கள்

கல்யாணத்துக்கு அக்கம்பக்கத்தில் நகை இரவல் வாங்கிய வீட்டில், அதைத் திருப்பிக் கொடுக்கும்வரை யாருக்கும் தூக்கம் வராது. ஓர் அருங்காட்சியகம் இன்னொன்றிடம் ஓவியம் வாங்குவதும் அப்படித்தான். ஆனால் நகை பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும். ஓவியமோ சுவரில் சும்மா தொங்கும்போதே கெடக்கூடியது.

அழைப்பிதழ் அச்சுக்குப் போன பிறகு ஓவியம் கேட்டுக் கடிதம் எழுதுவது முதல் தவறு. பெரிய அருங்காட்சியகங்கள் குறைந்தது ஆறு மாத அவகாசம் கேட்கும். ஓராண்டு கேட்பவையும் உண்டு. எதைக் கேட்கலாம் என்று விசாரிக்காமல் எழுதுவதும் வீண்வேலை. மரப்பலகையில் வரைந்த பழைய ஓவியங்கள் ஈரப்பதம் மாறினால் வளையும், வெடிக்கும் என்பதால் பலவற்றை அசைக்கவே மாட்டார்கள். சில இடங்களில் நன்கொடையாளரின் உயிலே குறுக்கே நிற்கும். வில்லியம் பர்ரெல் என்ற செல்வந்தர் கிளாஸ்கோ நகருக்குக் கொடுத்த கலைத்தொகுப்பை வெளிநாட்டுக்கு அனுப்ப, 2014-இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

அடுத்து, இரவல் தருபவர் அனுப்பும் கேள்வித்தாள். ஈரப்பதம் எவ்வளவு, இரவில் சாவி யாரிடம், லிஃப்ட் கதவின் அகலம் என்ன என்று பக்கம் பக்கமாகக் கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் 'ஆம், உண்டு' என்று எழுதிவிடுவதுதான் பெரிய அபத்தம். மாதக்கணக்கான அளவீடுகளைக் காட்டச் சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும். 'மழைக்காலத்தில் ஈரம் ஏறுகிறது' என்று ஒப்புக்கொண்டால், கண்ணாடியிட்டு அடைத்த சட்டத்தில் ஓவியத்தை அனுப்பவாவது வழி இருக்கிறது.

காப்பீட்டுக்குத் தொகையை மட்டும் பார்த்தால் போதாது. தருபவரின் சுவரிலிருந்து ஓவியம் இறங்கும் நொடி முதல் மீண்டும் அங்கே ஏறும்வரை, ஆணியிலிருந்து ஆணிவரை, அது செல்லுபடியாக வேண்டும். இழப்பீடு கொடுத்தபின் ஓவியம் யாருடையது என்பதையும் முன்பே பேசிவிட வேண்டும். 1994-இல் லண்டனின் டேட் அருங்காட்சியகம் இரவல் கொடுத்த, ஆங்கிலேய ஓவியர் டர்னரின் இரண்டு ஓவியங்கள் ஃபிராங்க்ஃபர்ட்டில் திருடுபோயின. 2.4 கோடி பவுண்டு இழப்பீடு வந்தது. உரிமை காப்பீட்டாளர்களிடம் போனது. 1998-இல் 80 லட்சம் பவுண்டு கொடுத்து அந்த உரிமையை டேட் திரும்ப வாங்கியது. அப்போது ஓவியங்கள் இன்னும் கிடைத்திருக்கவே இல்லை! 2000-இலும் 2002-இலும் ஒவ்வொன்றாகக் கிடைத்தபோது, அந்தப் பேரம் எத்தனை லாபம் என்று தெரிந்தது.

ஓவியத்தின் பூர்வீகத்தை விசாரிக்கக் கூச்சப்படுபவர்கள் ஆஸ்திரிய ஓவியர் எகோன் ஷீலேயின் 'வாலி' ஓவியத்தின் கதையைக் கேட்க வேண்டும். வியன்னாவின் லியோபோல்ட் அருங்காட்சியகம் அதை நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு 1997-இல் அனுப்பியது. நாஜிக்கள் ஆட்சியில் லீயா போண்டி என்ற யூதப் பெண்ணிடமிருந்து பறிக்கப்பட்டது அது என்று அவர் குடும்பத்தினர் உரிமை கோர, 1998 ஜனவரியில் ஓவியம் நியூயார்க்கிலேயே முடக்கப்பட்டது. வெளிநாட்டு ஓவியங்களைப் பறிமுதலிலிருந்து காக்க 1965 முதலே அமெரிக்காவில் கூட்டாட்சிச் சட்டம் இருக்கிறது. ஆனால் முன்கூட்டியே விண்ணப்பித்தால்தான் பலன். 'வாலி'க்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. சில மாதங்களுக்கென்று வந்தது, 1.9 கோடி டாலர் சமரசத்துக்குப் பிறகு 2010-இல்தான் வியன்னாவுக்குப் புறப்பட்டது. என் கணக்கில், இத்தனை தவறுகளிலும் விலை மிகுந்தது இதுதான்.

பயணத்தில் அவசரம் ஆகாது. பயணிகள் விமானத்தின் அடித்தளத்தில் சுமார் 160 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேற்பட்ட பெட்டி நுழையாது; ஓவியத்தை மட்டும் அளந்துவிட்டுப் பெட்டியை மறப்பவர்கள் இதில் மாட்டுவார்கள். வந்த பெட்டியைக் குறைந்தது 24 மணி நேரம் திறக்காமல் வைக்க வேண்டும். உள்ளேயும் வெளியேயும் வெப்பம் சமமாக வேண்டும். மாலையில் பத்திரிகையாளர்கள் வருகிறார்கள் என்று உடைத்துத் திறக்கக்கூடாது. திறந்ததும், உடன்வந்த காப்பாளர் முன்னிலையில் கீறல், வெடிப்பு ஒவ்வொன்றையும் படத்தோடு பதிவு செய்து கையெழுத்து வாங்க வேண்டும். இல்லையென்றால் பழைய கீறலும் உங்கள் கணக்கில்தான் ஏறும்.

காலிப் பெட்டியைப் பெரும்பாலும் யாரும் நினைப்பதில்லை. அது கட்டடத்தின் நிலவறையில் மூன்று மாதம் ஈரம் குடித்துக்கொண்டு கிடக்கும். காட்சி முடிந்ததும், அத்தனை நாளும் பொத்திப் பொத்திப் பாதுகாத்த ஓவியத்தை அதே பெட்டிக்குள் வைத்து மூடி அனுப்புவார்கள்.