லெபனான் பார்சல் விருந்து: பெல் அடித்த பிறகுதான் வேலை

நண்பர்களைக் கூப்பிட்டு லெபனான் சாப்பாடு வாங்கிப் போடலாம் என்று முடிவானதுமே நம்மவர்கள் கை நேராக மிக்ஸ்ட் கிரில்லுக்குத்தான் (பல வகைச் சுட்ட கறி) போகும். எட்டுப் பேரா, இரண்டு கிலோ கிரில், ஒரு ஹம்முஸ் (கொண்டைக்கடலை விழுது), கூட வருகிற குப்பூஸ் ரொட்டி, ஆர்டர் முடிந்தது. வந்ததும் டப்பாவைத் திறந்து அப்படியே மேஜையில் வைத்தால் கால் மணி நேரத்தில் எல்லோருக்கும் வயிறு கட்டிக்கொள்ளும். அப்புறம் ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். துபாயில் குசைஸ் பக்கம் குடியிருக்கிறேன்; இந்த மாதிரி விருந்துகள் இங்கே வாராவாரம் நடக்கும்.

லெபனான்காரர்கள் வீட்டில் கணக்கே வேறு. ஆபீஸில் என் பக்கத்து சீட்டில் இருப்பவர் ட்ரிப்போலிக்காரி. லிபியாவில் இருக்கிற ட்ரிப்போலி இல்லை, வடக்கு லெபனானில் கடலோரமாக இருக்கிற ட்ரிப்போலி. அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் தட்டு வைக்க இடமிருக்காது. சின்னச் சின்னத் தட்டுகளில் பத்துப் பன்னிரண்டு வகை மெஸ்ஸே. கொஞ்சம் ஆறியது, கொஞ்சம் சூடானது. அதைத் தொட்டுத் தொட்டு, பேசிப் பேசி ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகுதான் கறி வரும். அதுவும் கொஞ்சமாக. பார்சல் விருந்துக்கும் இதே கணக்குதான்: கறியைப் பாதியாக்குங்கள், மெஸ்ஸேயை இரண்டு மடங்காக்குங்கள்.

எட்டுப் பேருக்கு, அதில் மூன்று பேர் சைவம் என்று வைத்துக்கொள்வோம். நான் சொல்லும் ஆர்டர் இது. ஹம்முஸ் இரண்டு, முத்தபல் (சுட்ட கத்தரிக்காய் மசியல்) ஒன்று, முஹம்மரா ஒன்று, லப்னே (வடித்த கெட்டித் தயிர்) ஒன்று. தபூலே (பார்ஸ்லிக் கீரை சாலட்) ஒன்று, ஃபத்தூஷ் (ரொட்டித் துண்டு போட்ட காய்கறி சாலட்) இரண்டு. திராட்சை இலைச் சுருள் ஒரு பிளேட், எண்ணெயில் செய்த சைவ வகை. சூடான பக்கத்தில் ஃபலாஃபெல் (கடலை வடை மாதிரி) ஒரு டஜன், சீஸ் ரகாகாத் (சீஸ் வைத்துச் சுருட்டிப் பொரித்தது), பட்டாட்டா ஹர்ரா (கார உருளைக்கிழங்கு). கறிக்கு ஒரு கிலோ மிக்ஸ்ட் கிரில் தாராளம். அதில் ஷிஷ் தாவூக் (கம்பியில் சுட்ட சிக்கன்), கஃப்தா (கொத்துக்கறிக் கபாப்), ஆட்டுக்கறித் துண்டு மூன்றும் இருக்கும். தூம் என்கிற வெள்ளைப் பூண்டு பேஸ்ட்டை மட்டும் தனியாகக் காசு கொடுத்துக் கூடுதலாக வாங்குங்கள். இலவசமாக வருகிற குட்டி டப்பா ஒரு ஆளுக்கே காணாது.

முஹம்மரா உண்மையில் சிரியாவின் அலெப்போ பக்கத்துச் சரக்கு. சிவப்பு மிளகாயும் வால்நட்டும் மாதுளைச் சாறு காய்ச்சிய பாகும் சேர்த்து அரைத்தது. ஆனால் எல்லா லெபனான் கடை மெனுவிலும் இருக்கிறது, நம் நாக்குக்கு முதலில் பிடிப்பதும் அதுதான். ஹம்முஸைப் பார்த்து "உப்பில்லாத கடலைத் துவையல்" என்று முகம் சுளிக்கிற மாமாக்கள்கூட முஹம்மராவை வழித்துச் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

சைவக்காரர்கள் இங்கே பயப்பட வேண்டியதே இல்லை. லெபனானில் கிறிஸ்தவர்கள் நிறைய. தவக்காலத்தில் கறியும் பாலும் தொடாமல் ஆலிவ் எண்ணெயிலேயே முடிக்கிற சமையல் ஒரு தனிக் கிளையாகவே அங்கே உண்டு. பருப்பும் அரிசியும் சேர்த்து மேலே வெங்காயம் கருக வறுத்துப் போடும் முஜத்தரா கிடைத்தால் விடாதீர்கள், சைவக்காரர்களுக்கு வயிறு நிறைகிற ஐட்டம். கேட்டுக்கொள்ள வேண்டியவை சில உண்டு: பருப்பு சூப்பில் சிக்கன் ஸ்டாக் போடுகிறார்களா, ஃபலாஃபெல் பொரிக்கிற எண்ணெயில் கறி ஐட்டமும் பொரிக்கிறார்களா, திராட்சை இலைக்குள் கொத்துக்கறி இல்லையே. எள் ஒத்துக்கொள்ளாதவர் யாராவது வருகிறார்களா என்பதையும் முன்னாடியே விசாரித்துவிடுங்கள். ஹம்முஸ், முத்தபல், ஃபலாஃபெல் சாஸ் எல்லாவற்றிலும் தஹினி இருக்கும். அது முழுக்க எள்தான்.

தூமைப் பற்றியும் ஒரு கேள்வி கேளுங்கள். பூண்டு, எண்ணெய், எலுமிச்சை, உப்பு இந்த நாலையும் அடித்து அடித்து வெண்ணெய் மாதிரி ஆக்குவதுதான் முறையான தூம். சீக்கிரம் கெட்டியாக வேண்டும் என்பதற்காகச் சில கடைகளில் பச்சை முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்க்கிறார்கள். பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழ்நாட்டில் 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை போட்டது ஞாபகமிருக்கும். அந்தக் கவலை இதற்கும் பொருந்தும். முட்டை போடாத கடையாகப் பார்த்துப் பிடியுங்கள்.

கடையைத் தேர்ந்தெடுக்கும்போது ரேட்டிங்கை விடத் தூரத்தைப் பாருங்கள். பொரித்ததும் சுட்டதும் மூடிய டப்பாவுக்குள் தன் ஆவியிலேயே வேகும். இருபது நிமிடத்துக்கு மேல் போனால் ஃபலாஃபெல் இட்லியாகிவிடும். பக்கத்துக் கடை சுமாராக இருந்தாலும் தூரத்துப் பெரிய கடையை அது ஜெயித்துவிடும். ஆர்டரில் "குறிப்பு" எழுதும் இடத்தில் மூன்று விஷயம் போடுங்கள்: ஃபத்தூஷுக்கு டிரெஸ்ஸிங்கும் பொரித்த ரொட்டித் துண்டும் தனித்தனியாக, குனாஃபா என்கிற சீஸ் இனிப்புக்குப் பாகு தனியாக, பொரித்த ஐட்டங்களின் டப்பாவை இறுக்கி மூட வேண்டாம். ரமலான் மாதமென்றால் இஃப்தார் நேரத்துக்கு ஆர்டர் போடாதீர்கள். ஊரே அந்தப் பத்து நிமிடத்துக்குள்தான் சாப்பாடு கேட்கும்.

பெல் அடித்ததும் செய்ய வேண்டியதற்கு வருகிறேன். நண்பர்களை ஹாலிலேயே உட்கார வைத்துவிட்டு ஒரே ஒருவரை மட்டும் உதவிக்கு அடுக்களைக்குக் கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கு மேல் வந்தால் நின்றபடியே தின்ன ஆரம்பித்துவிடுவார்கள்.

முதலில் சூடான டப்பாக்கள் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள், ஆவி போகட்டும். ஃபலாஃபெலும் ரகாகாத்தும் ஏர் ஃபிரையரில் 180 டிகிரியில் மூன்று நான்கு நிமிடம். பட்டாட்டா ஹர்ராவை வெறும் தோசைக்கல்லில் போட்டுப் புரட்டினாலே மொறுமொறுப்பு திரும்பும். மைக்ரோவேவ் பக்கம் எதையும் கொண்டுபோகாதீர்கள், கறியைக் கண்டிப்பாக வேண்டாம். ஷிஷ் தாவூக் நார் நாராகிவிடும். கிரில் வந்த ஃபாயிலோடு அப்படியே ஓவனில் 100 டிகிரியில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள், மெஸ்ஸே முடிகிற வரை அது அங்கேயே கிடக்கட்டும். கறிக்கு அடியில் மிளகாய் விழுது தடவிய ரொட்டி ஒன்று இருக்கும். பொட்டலத்தின் பகுதி என்று நினைத்து அதைத் தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. கறியிலிருந்து வடிந்த கொழுப்பும் சாறும் முழுக்க அதில்தான் இறங்கியிருக்கும். விருந்தாளிக்குச் சொல்லாமல் வீட்டுக்காரர் எடுத்து ஒளித்து வைத்துக்கொள்ள வேண்டிய துண்டு அது.

ஹம்முஸ் நேரம் எடுத்துச் செய்ய வேண்டியது. டப்பாவில் அது சிமெண்டுக் கலவை மாதிரி சப்பென்று படிந்து கிடக்கும். குழியில்லாத அகலத் தட்டு ஒன்றை எடுத்து நடுவில் கொட்டுங்கள். ஸ்பூனின் முதுகை அழுத்தி வைத்து, தட்டைத் திருப்பிக்கொண்டே நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு வாருங்கள். நடுவில் பள்ளமும் சுற்றிலும் வரப்பும் விழும். அந்தப் பள்ளம் நிறைய ஆலிவ் எண்ணெய் ஊற்ற வேண்டும். சொட்டுக் கணக்கெல்லாம் வேண்டாம், இரண்டு மேஜைக்கரண்டி. மேலே சீரகத்தூளும் சிவப்பு பாப்ரிக்காத் தூளும் ஒரு சிட்டிகை, நாலு முழுக் கொண்டைக்கடலை. பிரிட்ஜில் இருந்து எடுத்த குளிரோடு பரிமாறினால் எள்ளின் வாசனையே வராது, அறைச் சூட்டுக்கு வந்திருக்க வேண்டும். ஹம்முஸை லெபனான்காரர்கள் எவ்வளவு பெரிய விஷயமாக எடுத்துக்கொள்கிறார்கள் என்றால், 2010 மே மாதம் லெபனானில் சமையற்காரர்கள் சேர்ந்து 10,452 கிலோ ஹம்முஸ் செய்து கின்னஸில் ஏறினார்கள். எடை ஏன் அந்த எண் என்றால், நாட்டின் பரப்பு 10,452 சதுர கிலோமீட்டர். ஹம்முஸ் யாருடையது என்று இஸ்ரேலோடு நடந்த போட்டியில் அவர்கள் போட்ட சீட்டு அது.

முத்தபலுக்கு மாதுளை முத்து தூவுங்கள். லப்னேயை அதே மாதிரி பரப்பி, காய்ந்த புதினாவைக் கையால் கசக்கித் தூவி எண்ணெய் ஊற்றுங்கள். தபூலேயில் தண்ணீர் விட்டிருந்தால் வடித்துவிடுங்கள். பச்சைப் பசேலென்று பார்ஸ்லி மயமாக இருந்து, கோதுமை ரவை அங்கங்கே தெரிந்தால் அது நல்ல தபூலே. ரவை உப்புமா மாதிரி இருந்தால் அடுத்த தடவை கடையை மாற்றுங்கள். அதை ரொட்டியோடு சாப்பிட வேண்டாம், லெட்டூஸ் இலையிலோ முட்டைக்கோஸ் இலையிலோ அள்ளிச் சாப்பிடுங்கள். ஃபத்தூஷை மட்டும் எல்லோரும் உட்கார்ந்த பிறகு அவர்கள் கண் முன்னால் கலக்க வேண்டும்.

வீட்டில் செய்யத்தக்கவை இரண்டு இருக்கின்றன. பெரிய வெங்காயத்தை மெல்லிசாக நறுக்கி, பார்ஸ்லி, உப்பு, ஒரு ஸ்பூன் சுமாக் போட்டுப் பிசறினால் கிரில்லுக்குத் தொட்டுக்கொள்ள பிவாஸ் தயார். சுமாக் புளிப்பான சிவப்புத் தூள், இங்கே எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் மசாலா வரிசையில் கிடக்கும். இன்னொன்று அய்ரான்: கெட்டித் தயிர் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு, உப்பு, காய்ந்த புதினா, நுரை வர அடித்து ஐஸ். அராக் என்கிற லெபனான் சாராயம் பற்றி வேறு யாராவது எழுதட்டும், எங்கள் வீட்டு விருந்தில் பாதிப் பேர் குழந்தைகள்.

குப்பூஸ் காற்றுப் பட்ட பத்து நிமிடத்தில் அட்டையாகிவிடும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிரித்து அடுக்காமல், நாலு நாலாகத் தீயில் நேரடியாகக் காட்டி, ஒரு பக்கத்துக்கு ஐந்து விநாடி, உடனே பருத்தித் துணியில் சுற்றிக் கூடையில் வையுங்கள். எங்கள் கூட்டத்தில் காயல்பட்டினத்துக் குடும்பம் ஒன்று உண்டு. அவர்கள் வந்தால் மேஜையை ஒதுக்கிவிட்டு சுப்ரா என்கிற சாப்பாட்டு விரிப்பை விரித்துத் தரையில்தான் உட்காருவோம். லெபனானில் மேஜைதான் வழக்கம். ஆனால் பதினைந்து தட்டுகளை வைக்க நம் ஃபிளாட்டுகளில் தரையை விட்டால் இடம் ஏது? ஆளுக்கொரு சின்னத் தட்டு கொடுங்கள், பெரியது கொடுத்தால் பிரியாணிக்கு உட்கார்ந்த மாதிரி மலையாகக் குவித்துக்கொள்வார்கள். கிழித்த ரொட்டித் துண்டு ஒரு தடவைதான் ஹம்முஸுக்குள் போக வேண்டும் என்பதைக் குழந்தைகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். பெரியவர்களும் கேட்டுக்கொள்வார்கள்.

கறியை எப்போது எடுப்பது? தட்டுகள் பாதி காலியாகி, யாராவது ஒருவர் "கிரில் வரலையா?" என்று கேட்கும்போது. அதற்கு முன்னால் வேண்டாம். ஆறிய தட்டுகளும் தயிர்ச் சரக்கும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது, பால்கனியில் உட்கார்ந்திருந்தால் ஒரு மணி நேரம்.

இனிப்புக்கு குனாஃபா வாங்கினால் சாப்பிடப் போகும் நிமிடத்தில் வாணலியில் மெல்லிய தீயில் சூடாக்கிப் பாகு ஊற்றுங்கள். ஆறினால் உள்ளே இருக்கும் சீஸ் ரப்பர்தான். சூடாக்கச் சோம்பலாக இருந்தால் ஹலாவெத் அல் ஜிப்ன் வாங்குங்கள், சீஸ் மாவுக்குள் பாலாடை வைத்துச் சுருட்டிய அது ஜில்லென்று சாப்பிடுவதற்கே உரியது. ட்ரிப்போலி இனிப்புக்குப் பேர்போன ஊர்; 1881-இலிருந்து நடக்கிற ஹல்லாப் குடும்பத்துக் கடை அங்கேதான் இருக்கிறது. என் பக்கத்து சீட்டுக்காரி துபாயில் எந்தக் கடை குனாஃபாவையும் இதுவரை பாஸ் போட்டதில்லை. சாப்பாடு முடிந்து காபி வேண்டாம் என்பவர்களுக்கு வெந்நீரில் அரை ஸ்பூன் ஆரஞ்சுப் பூ நீர் விட்டுக் கொடுங்கள், அதற்கு அவர்கள் வெள்ளைக் காபி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். காபித்தூள் ஒரு துளியும் கிடையாது, செரிமானத்துக்கு நல்லது என்று குடிப்பார்கள்.

மிச்சத்தில் ஃபத்தூஷைக் குப்பையில் போடுங்கள், அது நாளைக்கு நிற்காது. தூம் மூடி போட்டு பிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். தோசைக்குத் தடவிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். காய்ந்த குப்பூஸைப் பிய்த்து, மிஞ்சிய கஃப்தாவோடு, முட்டை உடைத்து ஊற்றிக் கொத்தினால் மறுநாள் காலை டிபன் முடிந்தது. நேற்று ஒளித்து வைத்த அந்த ரொட்டித் துண்டு இன்னும் இருந்தால் அதையும் சேர்த்துக் கொத்துங்கள்.